போனால் மயிர் என்று விட முடியாதவனின் கணக்கு

குளியலறை வடிகாலில் சிக்கும் முடியை எடுத்து, விரலால் பிரித்து, வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து எண்ணிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. ஏறக்குறைய 14 மாதம் எண்ணினேன். எண்ணி முடித்ததும் தேதி எழுதிய சின்னக் கவரில் போட்டு வைப்பேன். தணிக்கை வேலை பார்க்கிறவன். வவுச்சர் இல்லாத எதையும் நம்பாத பழக்கம். ஒரு நாள் 61 வரும், மறுநாள் 112, அதற்கு மறுநாள் 48. 112 வந்த நாளில் யாரோடும் பேசப் பிடிக்காது. 48 வந்த நாளில், போன வாரம் பூச ஆரம்பித்த எண்ணெயை மனதுக்குள் வாழ்த்துவேன்.

அந்தக் கவர்கள் அத்தனையும் குப்பை என்று புரியவைத்தவர் ஒரு தோல் மருத்துவர். "தலையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முடி இருக்கு. அதுல பத்துல ஒரு பங்கு எப்பவுமே ஓய்வுல இருக்கும். நாளைக்கு 50லிருந்து 100 வரைக்கும் விழறது இயல்பு. ரெண்டு நாள் தலைக்குக் குளிக்கலைன்னா மூணாம் நாள் சேர்த்து வரும். நீங்க எண்ணினது உங்க குளியல் பழக்கத்தை" என்றார். பிறகு ஒரு சிறு கருவியை உச்சந்தலையில் வைத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஒரே இடத்தில் ஒன்று தடியாக, பக்கத்திலிருப்பது பூனை முடிபோல மெலிசாக. ஆண்களுக்கு வரும் வழுக்கையின் அடையாளம் அதுதான். முடி விழுவதல்ல சிக்கல். விழுந்த இடத்தில் மறுபடி முளைப்பது ஒவ்வொரு சுற்றிலும் இளைத்துக்கொண்டே போவதுதான் சிக்கல். அதை வடிகாலில் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

உதிர்வை எண்ணியே தீருவேன் என்கிறவர்களுக்கு 2008இல் வெளியான ஓர் எளிய முறை இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து காலையில் ஒரே ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, நான்காம் நாள் குளிப்பதற்கு முன், முடியின் நிறத்துக்கு எதிர் நிறத் துணிமேல் தலையைக் குனிந்து 60 விநாடி சீப்பால் வாருவது. வழுக்கை இல்லாத ஆண்களுக்குச் சராசரியாக 10 முடி வந்தது. நான் செய்ததைவிட ஆயிரம் மடங்கு ஒழுங்கான வேலை. ஆனால் அதுவும் உதிர்வைத்தான் சொல்லும், அடர்த்தியைச் சொல்லாது.

மருத்துவர் கடைசியாகக் கேட்டதுதான் சுருக்கென்றது. "ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. செல்போனில் முந்நூற்றுக்கும் மேல். குளியலறை விளக்கில் ஒன்று, காருக்குள் ஒன்று, ஈரத்தலையோடு ஒன்று, எண்ணெய் தடவி ஒன்று. எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. அந்த 14 மாதத்தில் நான் பூசியவையும் அப்படித்தான். முடி வளரப் பூசும் மினாக்சிடில் என்ற மருந்தின் 5 சதவீதக் கரைசலை ஆரம்பித்து, அரிப்பு தாங்காமல் விட்டேன். அப்புறம் ரோஸ்மேரி எண்ணெய், கீட்டோகோனசோல் ஷாம்பு, தாமிரப் பெப்டைடு சீரம். எதற்கும் ஏழு வாரத்துக்கு மேல் பொறுமை கொடுத்ததில்லை. பல நேரம் மூன்றும் ஒரே சமயத்தில். எல்லாச் செலவையும் 'இதரச் செலவுகள்' என்ற ஒரே தலைப்பில் எழுதிய கணக்குப் புத்தகத்தை யாராவது என்னிடம் நீட்டியிருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

நல்ல வேளை, அப்போது எதையும் பூசாமல் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மினாக்சிடிலை நிறுத்தினால் அதனால் நின்றிருந்த முடி மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். அதனால் ஐந்து மாதத்துக்குப் பிறகு இருக்கும் தலையை ஆரம்ப இருப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர்.

மருந்துச் சோதனைகளில் எப்படி எண்ணுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். சொட்டை விழும் இடத்தின் ஓரத்தில், அதாவது முழுக்கக் காலியாகாமலும் முழுக்க அடர்த்தியாக இல்லாமலும் இருக்கும் எல்லையில், ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த முறை அதே இடத்தைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு புள்ளி பச்சை குத்துகிறார்கள். அந்த வட்டத்து முடியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரித்து, சாயம் ஏற்றி, பெரிதாக்கிப் படம் எடுத்து எண்ணுகிறார்கள். எண்ணுகிறவருக்கு அது யாருடைய தலை, எந்த மாதத்துப் படம் என்பது தெரியாது.

எனக்குப் பச்சை குத்த வேண்டிய தேவை வரவில்லை. சரியாக அந்த ஓரத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. மச்சம் இல்லாதவர்கள் நீளம் மாறாத இரண்டு நூல் வைத்துக்கொள்ளலாம்: ஒன்று புருவ மத்தியிலிருந்து, இன்னொன்று காதின் மேல் நுனியிலிருந்து. இரண்டு நூலும் சந்திக்கும் இடம் அடுத்த முறையும் அதே இடமாக இருக்கும். கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் குத்துமதிப்பைவிட மேல். கெட்டியான பிளாஸ்டிக் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஜன்னல் வெட்டினேன். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று. நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழுத்தலையையும் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டு, தலை காய்ந்த பிறகு, அட்டையை மச்சத்தோடு பொருத்தி, மனைவியைப் படம் எடுக்கச் சொல்வேன். காய்ந்த பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஈரத்தில் இரண்டு மூன்று முடி ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். ஒரே துளையிலிருந்தே இரண்டு மூன்று முளைக்கும் என்பதால் ஏற்கெனவே எண்ணுவது சிரமம். படத்தைக் கணினியில் பெரிதாக்கி, எண்ணிய முடிமேல் எல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போவேன்.

முதல் படத்தை எண்ணினேன்: 138. பெருமையாக எழுதிவைத்தேன். மறுநாள் அதே படத்தைப் புள்ளிகள் இல்லாமல் மறுபடி திறந்து எண்ணினேன்: 151. மூன்றாம் நாள்: 144.

தலை மாறவில்லை, படமும் மாறவில்லை. எண்ணிய ஆள் ஒருவன்தான். இருந்தும் 13 முடி வித்தியாசம். மெலிசான முடியை ஒரு நாள் எண்ணியிருக்கிறேன், இன்னொரு நாள் விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் மூன்று தனித்தனி நாட்களில் எண்ணிச் சராசரி எடுத்துக்கொண்டேன். மருந்து எதுவும் தொடாமல் ஒரு மாதம் கழித்து மறுபடி வெட்டி எண்ணியதில் சராசரி 141. முதல் சராசரி 144. ஆக, என் அளவுகோலில் 15 முடிக்குக் குறைவான எந்த ஏற்ற இறக்கமும் செய்தி அல்ல என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

இந்த 15 எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் உறைத்தது. வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு என்ற மருந்தை, மேலே பூசும் ஸ்பிரேயாக 24 வாரம் சோதித்த ஒரு பெரிய ஆய்வு உண்டு, 450க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து. மருந்து பூசியவர்களுக்கு இலக்கு இடத்தில் சராசரியாக 20.2 முடி கூடியது. மருந்து கலக்காத வெறும் கரைசலைப் பூசியவர்களுக்கு 6.7 கூடியது. இடைவெளி 13.5. அதாவது வேலை செய்யும் ஒரு மருந்துக்கும் வெறும் கரைசலுக்கும் உள்ள வித்தியாசம், நான் ஒரே படத்தை இரண்டு முறை எண்ணும்போது செய்யும் தவறுக்குச் சமம். நூற்றுக்கணக்கான தலைகளின் சராசரியை எடுத்தால்தான் அந்த 13.5 வெளியே தெரியும். ஒற்றைத் தலையில், ஒற்றை எண்ணிக்கையில், அது தெரியவே தெரியாது. கண்ணாடியில் தெரியும் என்று சொல்கிறவரை என்ன சொல்வது.

அதனால் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொண்டேன். எந்த மருந்தைத் தொடுவது என்பதை ஊரார் தலையில் நடந்த சோதனைகளை வைத்து முடிவு செய்ய வேண்டும். என் தலையை வைத்து அல்ல. தொட்டதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு மட்டுமே என் படமும் எண்ணிக்கையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்தான் என் 14 மாதம் போனது.

முதலில் எடுத்தது மறுபடி மினாக்சிடில். பழைய மருந்து. ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது; சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் பூசும் கரைசலாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் 2 சதவீதக் கரைசலுக்கும், 1997இல் 5 சதவீதத்துக்கும் அனுமதி கிடைத்தது. 393 ஆண்களை வைத்து 48 வாரம் நடந்த ஒப்பீட்டில் 5 சதவீதம், 2 சதவீதத்தைவிட 45 சதவீதம் கூடுதலாக முடி வளர்த்தது. எனக்கு முன்பு வந்த அரிப்பு பெரும்பாலும் மருந்தால் அல்ல, கரைசலில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலால் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லி, அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாற்றினார். அரிப்பு போய்விட்டது. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதும் முன் அதைச் சுமந்து வரும் திரவத்தையும் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. (பூனை வளர்ப்பவர்கள் கவனம்: மினாக்சிடில் பூனைக்குக் கொடிய விஷம். பூசிய தலையையோ தலையணையையோ அது நக்கவிடக் கூடாது.)

மூன்றாம் வாரத்தில் கொட்டத் தொடங்கியது. ஏழாம் வாரம் வரை கொட்டியது. ஓய்வில் கிடந்த முடியைத் தள்ளிவிட்டுப் புதிது கிளம்புவதால் வரும் உதிர்வு இது, பலருக்கும் வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தும் பயமாகத்தான் இருந்தது. முதல் தடவை நான் நிறுத்தியது ஆறாவது வாரத்தில், அதாவது சரியாக இந்தப் பள்ளத்தின் நடுவில். நான்காம் மாத எண்ணிக்கை 146. ஒன்றும் இல்லை என்று பொருள். எட்டாம் மாதம் 163. என் 15ஐத் தாண்டிய முதல் எண். எல்லோருக்கும் இது நடப்பதில்லை. தோலில் உள்ள ஒரு நொதி மினாக்சிடிலை சல்ஃபேட் வடிவத்துக்கு மாற்றினால்தான் அது வேலை செய்யும். அந்த நொதி குறைவாக இருப்பவர்கள் எவ்வளவு பூசினாலும் பலன் குறைவுதான்.

எண்ணை மட்டும் நம்ப மனம் வரவில்லை. அக்காவிடம் போனேன். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. பெயரை மடித்து ஒட்டிய விடைத்தாள்களைத் திருத்திப் பழகியவள். ஆரம்பம், நான்காம் மாதம், எட்டாம் மாதம் என்று மூன்று நாள் படங்கள். ஒவ்வொரு நாளும் முடி வெட்டும் முன்பு இரண்டு வெளிச்சத்தில் எடுத்து வைத்திருந்தேன்: தலைக்கு நேர் மேலே எரியும் விளக்கில் ஒன்று, ஜன்னல் பக்க வெளிச்சத்தில் ஒன்று. மொத்தம் ஆறு. மனைவி அவற்றைக் கலைத்து நம்பர் போட்டு, எது எது என்ற பட்டியலை எனக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டாள். அடர்த்தி வரிசையில் அடுக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தோம்.

"டேய், இந்த ரெண்டாம் நம்பரைப் பாரு, பாதித் தலை காலி. அஞ்சாம் நம்பர்ல நல்லா முளைச்சிருக்கு. எந்த மருந்துடா இது?"

இரண்டும் ஐந்தும் ஒரே நாள், பத்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. மருந்தின் பெயர் ஜன்னல். நேர் மேலே விளக்கு இருந்தால் முடிக்கு நடுவே தோல் பளபளக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் முடியின் நிழல் தோலை மூடிவிடும். ஆறு படத்தையும் அக்கா மாதவாரியாக அடுக்கவில்லை, வெளிச்சவாரியாக அடுக்கியிருந்தாள். விளம்பரங்களில் வரும் 'முன்', 'பின்' படங்களை அதற்குப் பிறகு நான் பார்ப்பதே இல்லை. ஆனால் மேல் விளக்குப் படங்கள் மூன்றை மட்டும் தனியே பிரித்து அடுக்கச் சொன்னபோது எட்டாம் மாதம் முதலில் வந்தது. ஜன்னல் படங்கள் மூன்றிலும் அப்படியே. வெளிச்சத்தைக் கட்டிப்போட்டால் கண்ணும் எண்ணும் ஒத்துப்போகின்றன என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே நின்றிருக்கலாம். 163 போதவில்லை. பேராசை.

என் நண்பன் ஒருவன் ஆர்யூ 58841 பூசிக்கொண்டிருந்தான். வழுக்கைக்குக் காரணமான டிஎச்டி என்ற ஹார்மோன் மயிர்க்காலில் போய் உட்காரும் இருக்கையை மறிக்கும் மூலக்கூறு அது. ரூசெல் யூக்ளாஃப் என்ற பிரெஞ்சு நிறுவனம் கண்டுபிடித்தது; மனிதர்களைப்போலவே வழுக்கை விழும் ஒரு குரங்கினத்தின் தலையில் நல்ல பலன் காட்டியது; மருந்தாக எந்தக் கடைக்கும் வரவே இல்லை. ஆனால் 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற சீட்டோடு பொடியாக விற்கிறார்கள். "என்ன மச்சான் யோசிக்கிற, வந்தா மலை, போனா மயிர்" என்றான். மயிரைக் கட்டி மலையை இழுக்கும் பழமொழி. நம் விஷயத்தில் அது தலைகீழ் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நாங்கள் இழுக்கப் பார்த்தது மயிரை; கயிறாகக் கட்டியது உடம்பை.

ஒன்பதாம் மாதம் ஆரம்பித்தேன். முதல் புட்டியில் பொடி வெள்ளையாக இருந்தது. இரண்டாவது புட்டி மஞ்சள் சாய்ந்து, வேறு வாடை அடித்தது. உள்ளே இருப்பது அதுதானா, எவ்வளவு சுத்தம் என்பதற்கு விற்றவர் அனுப்பிய ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். அதில் தொகுதி எண்ணே இல்லை. அலுவலகத்தில் அப்படி ஒரு காகிதம் வந்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். நான் வைத்திருந்த தராசின் மிகச் சிறிய படி 10 மில்லிகிராம். ஒரு வேளைக்கு எடுக்கச் சொன்னது 50. அப்படியென்றால் ஒவ்வொரு வேளையும் ஐந்தில் ஒரு பங்கு முன்பின். ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் முடியை மூன்று நாள் எண்ணும் ஆள், உடம்பில் ஏறும் பொடியை இப்படி அளந்துகொண்டிருந்தான்.

ஆறாவது வாரம் இரவில் படுத்தால் நெஞ்சு படபடத்தது. எழுந்தால் தலை லேசாகச் சுற்றியது. மினாக்சிடிலாலும் படபடப்பு வரலாம். இந்தப் பொடியாலா, அதில் கலந்த வேறெதாலா, இரண்டும் சேர்ந்ததாலா, வெறும் பயத்தாலா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஒன்பதாம் வாரம் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஈசிஜி எடுத்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், மினாக்சிடிலை ஒரு வாரம் நிறுத்தி மறுபடி தொடங்கச் சொன்னார். ஈசிஜி சரியாக இருந்தது, படபடப்பும் திரும்பவில்லை. 12ஆம் மாத எண்ணிக்கை 159. பொடி வேலை செய்ததா? அந்த 159 எதையும் சொல்லாது. ஒன்பது வாரத்தில் முடி இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மயிர்க்கால் தன் சுற்றை மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே முடிவு, அதை ஆரம்பித்திருக்கவே கூடாது என்பது.

அப்புறம்தான் சோதனையில் இருக்கும் மருந்துகளை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். முதலில் பார்ப்பது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை. கேஎக்ஸ் 826 என்ற பூசும் மருந்தின் கதை இதற்கு நல்ல பாடம். அதுவும் ஹார்மோன் இருக்கையை மறிக்கும் வகை. சீனாவில் மூன்றாம் கட்டச் சோதனை முடிந்து 2023 நவம்பரில் முடிவு வந்தது. தொடங்கியபோது இருந்ததைவிட முடி கூடியிருந்தது. ஆனால் வெறும் கரைசல் குழுவோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் புள்ளிவிவரப்படி நிற்கவில்லை. ஃபினாஸ்டரைடு ஸ்பிரே ஆய்வில் வெறும் கரைசலுக்கே 6.7 முடி கூடியதை நினைத்துப் பாருங்கள். சோதனையில் சேர்ந்தவர் தலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார், உதிர்வு உச்சத்தில் இருக்கும் பருவத்தில் சேர்ந்திருந்தால் அது தானாகவே தணியும். 'பூசும் முன்னைவிடக் கூடியது' என்ற வாக்கியத்துக்கு நான் இப்போது மதிப்பே கொடுப்பதில்லை. ரோஸ்மேரி எண்ணெயின் புகழ் 2015இல் வந்த ஒரு சிறு ஆய்வில் நிற்கிறது: ஒரு பக்கம் 50 பேர் எண்ணெய், மறுபக்கம் 50 பேர் 2 சதவீத மினாக்சிடில், ஆறு மாதம். வெறும் எண்ணெய்க் குழு கிடையாது. இரண்டும் சமம் என்று வந்தது. இரண்டும் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் சமம் என்றுதான் வந்திருக்கும்.

அடுத்தது சதவீதம். கிளாஸ்கோட்டெரோன் என்ற மருந்து 1 சதவீதக் கிரீமாக முகப்பருவுக்கு 2020இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதே மருந்தின் 5 சதவீதக் கரைசலை ஆண் வழுக்கைக்குப் பெரிய அளவில் சோதித்து, 2025 டிசம்பரில் முக்கிய முடிவுகளை மட்டும் சுருக்கமாக அறிவித்தார்கள். ஒரு சோதனையில் வெறும் கரைசலைவிட 539 சதவீதம் மேல், இன்னொன்றில் 168 சதவீதம் மேல். நண்பன் நடுராத்திரியில் அனுப்பினான். 539 என்றால் என்ன? வெறும் கரைசலுக்கு 2 முடி கூடி, மருந்துக்கு 12 முடி கூடினால்கூட 500 சதவீதம் மேல்தான். அடியில் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் மேலே உள்ள சதவீதம் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதும். மருந்து மோசம் என்று சொல்லவில்லை. உண்மையில் வரப்போகிறவற்றில் நான் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான், காரணம் இரண்டு பெரிய சோதனைகள், வெறும் கரைசல் குழுவோடு. முடி எண்ணிக்கையில் எத்தனை என்று தெரிந்தபின் முடிவு செய்வேன், அவ்வளவுதான்.

மூன்றாவது, பூசுவது ரத்தத்துக்குப் போகாது என்ற நம்பிக்கை. நான் சொன்ன ஃபினாஸ்டரைடு ஸ்பிரே ஆய்வில் ரத்தத்தில் மருந்தின் அளவு மாத்திரையோடு ஒப்பிட நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ரத்தத்து டிஎச்டி 34.5 சதவீதம் இறங்கியது, மாத்திரைக்கு 55.6. கொஞ்சம் மருந்து போனாலே ஹார்மோன் நன்றாக அசையும். 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தனித்தனியாகக் கலந்து விற்கப்படும் பூசும் ஃபினாஸ்டரைடு பற்றி எச்சரித்தது. 2019க்கும் 2024க்கும் இடையே 32 பக்கவிளைவுப் புகார்கள் வந்திருந்தன. மனச்சோர்வு, பாலுறவுச் சிக்கல் போன்றவை. இன்னொரு விஷயம் எங்கள் வீட்டுக்கே நேராகப் பட்டது. ஃபினாஸ்டரைடு கர்ப்பிணியின் உடம்பில் படக்கூடாது. ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். "ஏங்க, ஒரே தலையணைதானே நம்மளுது" என்றாள் மனைவி. குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த நேரம். ஸ்பிரேயைத் தள்ளிவைத்தோம். அந்த முடிவுக்கு எந்த எண்ணிக்கையும் தேவைப்படவில்லை.

தலைத்தோலில் நுண்ணிய துளைகள் போடும் ஊசி உருளையைப் பற்றிக் கேட்பார்கள். 2013 ஆய்வில் வாரம் ஒருமுறை உருளையும் மினாக்சிடிலும் சேர்ந்தவர்களுக்கு 12 வாரத்தில் 91 முடி கூடியது, மினாக்சிடில் மட்டும் பூசியவர்களுக்கு 22. கவர்ச்சியான எண்கள், 100 பேர்தான், உருட்டப்பட்டவருக்குத் தான் உருட்டப்பட்டது தெரியும். துளை போட்ட தோலில் மருந்து எவ்வளவு கூடுதலாக உள்ளே இறங்கும் என்ற கேள்வி, படபடப்பு பார்த்தவனுக்குப் பெரிய கேள்வி. நான் தொடவில்லை.

14ஆம் மாதம் ஒரு காய்ச்சல், ஐந்து நாள். நோட்டில் ஒரு வரி எழுதிவைத்தேன். 16, 17ஆம் மாதங்களில் கைநிறைய முடி வந்தது. பழைய ஆளாக இருந்திருந்தால் மினாக்சிடில் கைவிட்டது என்று முடிவுகட்டி வேறு புட்டியைத் திறந்திருப்பேன். காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்வு வந்து, தானே அடங்கும். 20ஆம் மாதம் 161. நோட்டில் எழுதிய வரிகளிலேயே அதிகப் பயன் தந்தது அந்தக் காய்ச்சல் வரிதான்.

163, 159, 161. என் அளவுகோலில் மூன்றும் ஒன்று. ஒரு வருடமாக நகரவில்லை. இது தோல்வி என்று முதலில் நினைத்தேன். ஃபினாஸ்டரைடு மாத்திரையின் ஐந்து வருட ஆய்வைப் படித்தபின், இருப்பதை இழக்காமல் நிற்பதே பெரிய பலன் என்று அந்த நினைப்பு மாறியது. ஒரு அங்குல வட்டத்தில் ஐந்து வருட முடிவில் மருந்துக் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் 277 முடி வித்தியாசம். அதில் 239, மருந்து எடுக்காதவர்கள் இழந்தது. மருந்து எடுத்தவர்களுக்குக் கூடியது 38தான்.

போன வாரம் நண்பன் இன்னொரு புட்டியின் படம் அனுப்பினான். பிபி 405. தூங்கும் மயிர்க்கால் செல்களை எழுப்பும் புது வகை. 2025இல் வந்த இரண்டாம் கட்ட முடிவில், சொட்டை அதிகமாக இருந்த ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, வெறும் கரைசல் குழுவில் ஒருவருக்குக்கூட இல்லை. அது, மருந்தை உருவாக்கிய நிறுவனத்தின் ஜெல். இவன் புட்டியில் இருப்பது எங்கிருந்தோ வந்த பொடி. "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினா குறையும் மச்சான்" என்றான்.

எனக்கு வேண்டாம் என்றேன். நீ பூசுவதாக இருந்தால் மருத்துவரைப் பார், அதற்கும் முன்னால் இன்றைய தலையை ஒரு படம் எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். குளித்த ஈரத்தலை, நேர் மேலே குளியலறை விளக்கு. காயவைத்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மறுபடி எடு என்று எழுதினேன். இன்னும் வரவில்லை.